கலைக்களஞ்சியத்தில் ஓர் இடம்

2 என்ற எண்ணை இரண்டு தடவை வைத்துப் பெருக்கினால் 4 வருகிறது. 3 என்ற எண்ணை மூன்று தடவை வைத்துப் பெருக்கினால் 27. 4 என்பதை நான்கு தடவை வைத்துப் பெருக்கினால் 256. இப்படி ஓர் எண்ணைத் தன் அளவுக்கே அடுக்கிப் பெருக்கும்போது சரியாக 100 வரவேண்டுமானால் அந்த எண் எது என்று பள்ளி மாணவன் ஒருவன் கேட்பானாகில், அது 3-க்கும் 4-க்கும் இடையில் எங்கோ இருக்கிறது என்று எவரும் உடனே சொல்லிவிடலாம்; ஆனால் எங்கே என்று திட்டமாகச் சொல்லப் புகுந்தால், கணக்கு வாத்தியாருங்கூடத் தாளையும் பென்சிலையும் தேடவேண்டியிருக்கும். 3.5 என்று வைத்துப் பார்த்தால் 80.21 வருகிறது, போதவில்லை, 3.6 என்றால் 100.62, சற்று மிஞ்சிவிடுகிறது, 3.59 என்று இறங்கினால் 98.35, 3.597 என்று ஏறினால் 99.94, 3.5973 என்றால் நூறைத் தொட்டு மயிரிழை தாண்டிவிடுகிறது. இந்த விதமாக வலையை இறுக்கிக்கொண்டே போய் வேண்டிய தசம ஸ்தானம் வரையில் விடையைப் பிடித்துவிடலாம் என்பதில் சந்தேகமில்லை. ஆயினும், எந்த எண்ணை அதே எண்ணால் பெருக்கினால் 100 வரும் என்று கேட்டால் நூறின் வர்க்கமூலம் என்றும், பத்தை எத்தனை தடவை அடுக்கினால் 100 வரும் என்று கேட்டால் நூறின் மடக்கை என்றும் ஒரே சொல்லில் விடையிறுக்கிற நமக்கு, இந்த மூன்றாவது கேள்விக்கு மட்டும் சொல்வதற்குச் சொல் அகப்படுவதில்லை.

உண்மையில் அதற்கு ஒரு சொல் உண்டு. லாம்பெர்ட்டின் டபிள்யூ சார்பு என்று அதற்குப் பெயர். பள்ளிப் புத்தகத்திலும் கல்லூரியின் முதல் இரண்டு ஆண்டுப் பாடங்களிலும் தலைகாட்டாத இந்தச் சார்புக்கு, எல்லாக் கலைகளுக்கும் எல்லாச் சாஸ்திரங்களுக்கும் இடம் பங்கிட்டுக் கொடுக்கவேண்டிய ஒரு கலைக்களஞ்சியத்தில் தனிக் கட்டுரை ஒன்றை ஒதுக்குவது நியாயந்தானா என்பதே இங்கே நாம் விசாரிக்கப் புகுந்த விஷயம். தமிழ் வளர்ச்சிக் கழகம் 1954 தொடங்கி 1968 வரையில் பத்துத் தொகுதிகளாக வெளியிட்ட கலைக்களஞ்சியம் போன்றதொரு நூலில், ஒரு பத்திக்கு இடம் கொடுத்தால் வேறொரு பத்தி வெளியே போகவேண்டும். ஆகவே, கேட்பதற்கு அற்பமாகத் தோன்றினாலும் பதிப்பாசிரியரின் மேஜையில் இது மெய்யான தர்மசங்கடமே.

சார்பு என்று கணிதர் சொல்வது ஒரு செக்கைப் போன்றது. எள்ளைப் போட்டு ஆட்டினால் எண்ணெய் வருகிறது. இத்தனை எள்ளுக்கு இத்தனை எண்ணெய் என்கிற நியதி மாறுவதில்லை. இனி, எண்ணெயை மாத்திரம் நம் முன்னே கொணர்ந்து வைத்து, இதற்கு எவ்வளவு எள் ஆட்டியிருப்பார்கள் என்று ஒருவர் கேட்பாரானால், அந்தக் கேள்விக்கு விடை தருகிற விதி இருக்கிறதே, அதற்கு நேர்மாறு சார்பு என்று பெயர். வர்க்கத்துக்கு நேர்மாறு வர்க்கமூலம்; அடுக்குக்கு நேர்மாறு மடக்கை. லாம்பெர்ட் சார்பும் இவ்வகையைச் சேர்ந்த ஒரு நேர்மாறுதான். அது எந்தச் செக்கின் நேர்மாறு என்பதைத் தெரிந்துகொள்ள, முதலில் 2.71828 என்று தொடங்கி முடிவில்லாமல் நீளும் ஓர் எண்ணை நாம் பரிச்சயம் செய்துகொள்ள வேண்டும். ஒரு ரூபாயை ஆண்டுக்கு நூற்றுக்கு நூறு வட்டி வீதத்தில் கொடுத்து, வட்டியைக் கணந்தோறும் முதலோடு சேர்த்துக்கொண்டே போனால், ஆண்டு முடிவில் கைக்கு வரும் தொகை இதுவே. வளர்வதும் தேய்வதும் தம் அளவுக்குத் தக்கபடி நிகழும் இடங்களிலெல்லாம் இவ்வெண் வந்து நிற்கும். ‘ஈ’ என்ற எழுத்தால் இதைக் குறிப்பது வழக்கம். ஓர் எண்ணை எடுத்துக்கொண்டு, அந்த எண்ணின் அளவுக்கு ஈயை அடுக்கி, வந்ததை எடுத்துக்கொண்ட எண்ணாலேயே பெருக்குவதுதான் நம்முடைய செக்கு. அதில் 1-ஐப் போட்டால் 2.718 வரும், 2-ஐப் போட்டால் 14.778 வரும். வெளிவந்ததைக் கண்டு உள்ளே போட்டதைச் சொல்வது லாம்பெர்ட் சார்பு.

நாம் தொடங்கிய நூறின் புதிர் இதற்குள் எப்படி அடங்குகிறது என்பதை ஒரு நிமிஷம் நின்று பார்ப்பது பயனுள்ளது. தன்னைத் தன் அளவுக்கு அடுக்கினால் 100 வருகிற எண்ணின் இயற்கை மடக்கையை, அதாவது அந்த எண் வருவதற்கு ஈயை அடுக்கவேண்டிய அளவை, அந்த எண்ணாலேயே பெருக்கினால், நூறின் இயற்கை மடக்கையாகிய 4.605 வரவேண்டும். ஆனால் எந்த எண்ணும், தன் மடக்கையின் அளவுக்கு ஈயை அடுக்கினால் கிடைப்பதுதானே? ஆகவே அந்த மடக்கையைச் செக்கில் போட்டால் வெளியே வருவது 4.605 என்று ஆகிறது. 4.605-க்கு லாம்பெர்ட் சார்பின் மதிப்பு 1.280, அந்த அளவுக்கு ஈயை அடுக்கினால், முன்னே தட்டுத் தடுமாறிப் பிடித்த 3.597 தானாகவே வந்து விழுகிறது.

இங்கே விவரமறிந்த வாசகர் ஓர் ஆட்சேபம் எழுப்பக்கூடும். விடை தெரியாத கேள்விக்கு ஒரு பெயரை இட்டுவிட்டு, அந்தப் பெயரையே விடையென்று நீட்டுவது ஏமாற்று வித்தையல்லவா என்பது அந்த ஆட்சேபம். நியாயமான ஆட்சேபந்தான், ஆனால் இதை ஒப்புக்கொண்டால் வர்க்கமூலமும் மடக்கையும் அதே குற்றத்துக்கு ஆளாகவேண்டும். இரண்டின் வர்க்கமூலம் என்று நாம் சொல்லும்போது, தன்னால் பெருக்கப்பட்டால் 2 வருகிற எண் என்ற வாக்கியத்தைச் சுருக்கிச் சொல்கிறோமே தவிர வேறில்லை. 1614-இல் நேப்பியர் மடக்கைகளை உலகுக்கு அளித்தபோது அவற்றுக்கு மதிப்பு ஏற்பட்டது, அந்தப் பெயரின் கீழே அவர் சேர்த்துவைத்த அட்டவணையினாலும், பெருக்கலைக் கூட்டலாக்கும் அந்த அற்புதமான இயல்பினாலுமே ஆகும். ஒரு சார்பின் பெயர் பயனுடையதாவது, அதன் வளைவு எப்படிப் போகும், எவ்வளவு வேகமாக ஏறும், எந்தத் தொடரால் அதைக் கணிக்கலாம், எங்கே அது ஒன்றுக்கு மேற்பட்ட விடைகளைத் தரும் என்ற செய்திகளெல்லாம் அந்தப் பெயரின் கீழ் வந்து குவிந்த பிறகுதான்.

மற்றோர் ஆட்சேபம் இதைவிடக் கூர்மையானது. இந்தச் சார்பு, நமக்கு முன்பே தெரிந்த சார்புகளின் மாறுவேஷமாக ஏன் இருக்கக்கூடாது? கூட்டல், பெருக்கல், மூலம், அடுக்கு, மடக்கை, சைன், கொசைன் ஆகியவற்றைச் சாமர்த்தியமாகக் கோத்து இதை எழுதிவிட முடியுமானால், புதுப் பெயருக்கு அவசியமே இல்லை. இதுவரை ஒருவராலும் எழுத முடியவில்லை என்பது போதிய பதிலாகாது. நாளை ஒருவர் எழுதிவிடலாம். எக்காலத்திலும் எழுத முடியாது என்று எப்படி அறிவது? பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் பிரெஞ்சுக் கணிதர் லியூவில் இதற்கு ஓர் உபாயத்தை வகுத்தார். தெரிந்த சார்புகளிலிருந்து ஒவ்வொரு படியாக மேலே கட்டிக்கொண்டு போகும்போது ஒவ்வொரு படியிலும் மாறுவீதம் எத்தகைய உருவத்தை மாத்திரமே எடுக்கக்கூடும் என்று ஆராய்ந்தால், சில சார்புகள் அந்த ஏணியின் எந்தப் படியிலும் அகப்படமாட்டா என்று நிரூபித்துவிடலாம் என்பது அவருடைய யுக்தி. இருபதாம் நூற்றாண்டில் ரோசன்லிக்ட் அதைத் தூய இயற்கணிதத்தின் மொழியில் சீர்செய்து கொடுத்தார். அவ்விருவரின் முடிவுகளைக் கொண்டு, லாம்பெர்ட் சார்பு அந்த ஏணிக்கு அப்பாற்பட்டது என்பதை 2008-இல் வெளியான ஓர் ஆராய்ச்சிக் கட்டுரை தெளிவாக எடுத்துக்காட்டியது. ஆக, இது மாறுவேஷமன்று, அசல்.

ஆனால் அசலாக இருப்பது ஒன்றே கலைக்களஞ்சியத்தில் நுழைவதற்குப் போதிய யோக்கியதையாகிவிடாது. ஏணிக்கு அப்பாற்பட்ட சார்புகளை ஒரு மத்தியானப் பொழுதுக்குள் ஆயிரக்கணக்கில் எவரும் உண்டாக்கலாம். அவற்றில் பெரும்பாலானவற்றை இரண்டாமவர் ஒருவர் தேடிவரும் பிரமேயமே இல்லை. என்னுடைய அபிப்பிராயத்தில் ஒரு சார்புக்கு உண்மையான உரிமை பிறப்பது, ஒருவரையொருவர் அறியாத பலர் வெவ்வேறு திசைகளிலிருந்து நடந்துவந்து, தாம் மற்றொருவரோடு ஒரே இடத்தில் நிற்கிறோம் என்பதையும் அறியாமல் அதனிடம் வந்து நிற்கும்போதுதான். லாம்பெர்ட் சார்பின் சரித்திரம் முழுவதும் இப்படிப்பட்ட சந்திப்புகளால் ஆனது.

ஜோகன் ஹைன்ரிக் லாம்பெர்ட் 1728-இல் முல்ஹவுஸ் நகரில் ஒரு தையற்காரருக்கு மகனாகப் பிறந்தவர். பன்னிரண்டாம் வயதில் பள்ளியை விட்டு, பிறகு தாமே முயன்று கற்றவர். வட்டத்தின் சுற்றளவுக்கும் விட்டத்துக்கும் உள்ள விகிதமாகிய பை என்ற எண்ணைப் பின்னமாக எழுதவே முடியாது என்று முதன்முதலில் நிரூபித்தவர் என்ற புகழ் அவருக்கே உரியது. அவர் 1758-இல் ஒருவகைச் சமன்பாட்டைத் தொடரால் தீர்க்கும் முறை ஒன்றை வெளியிட்டார். டீட்ரோவும் தாலம்பேரும் பிரெஞ்சு மொழியில் மகத்தான கலைக்களஞ்சியத்தைத் தொகுத்துக்கொண்டிருந்த அதே ஆண்டுகள் அவை. தாலம்பேர் தாமே முதல்தரமான கணிதர். எனினும் லாம்பெர்ட்டின் அந்தத் தொடருக்குள் ஒரு தனிச் சார்பு உறங்கிக்கொண்டிருக்கிறது என்று அன்று அவரிடம் சொல்லியிருந்தால், அதற்கு ஒரு பத்தி ஒதுக்க அவருக்கு என்ன காரணம் இருந்திருக்கப்போகிறது? லாம்பெர்ட் இறந்து ஆறாண்டுகள் கழிந்தபின், 1783-இல், ஆய்லர் அந்தச் சமன்பாட்டை வேறு வடிவத்துக்கு மாற்றி எழுதிய ஆராய்ச்சி வெளிவந்தது. அதன் ஓர் எல்லையில் நமது செக்கு வெளிப்படையாகவே வந்துவிடுகிறது. இருந்தும் அதற்கு ஒருவரும் பெயரிடவில்லை. பெயர் இல்லாததனால், பிற்பாடு வந்தவர்களில் பலர் இதை மறுபடியும் மறுபடியும் தாமாகவே கண்டுபிடிக்க நேர்ந்தது.

அப்படி நேர்ந்த இடங்களில் ஒன்றைச் சற்று நெருங்கிப் பார்ப்போம். ஓர் ஊரில் ஒரு தொற்றுநோய் நுழைகிறது. நோயுற்ற ஒவ்வொருவரும், எவருக்கும் எதிர்ப்புச் சக்தி இல்லாத ஆரம்ப நிலையில், சராசரியாக இரண்டு பேருக்கு அதைக் கொடுக்கிறார். தடுப்பு ஒன்றும் செய்யாமல் விட்டுவிட்டால் ஊரில் அனைவருக்கும் நோய் வந்துவிடும் என்று நினைக்கத் தோன்றும், வருவதில்லை. நோய் பரவப் பரவ, அது புதிதாகப் பற்றக்கூடியவர்களின் தொகை குறைந்து, கடைசியில் தீ விறகில்லாமல் அணைந்துவிடுகிறது. இந்தியாவில் மருத்துவ ஆராய்ச்சியில் பல ஆண்டுகள் கழித்த மக்கெண்ட்ரிக் என்பவரும், எடின்பரோவில் அவரோடு உழைத்த கெர்மாக் என்பவரும் 1927-இல் வெளியிட்ட கட்டுரை இந்த நிகழ்ச்சிக்குக் கணித உருவம் தந்தது. அவர்கள் காட்டிய வழியில் கணக்கிட்டால், நூற்றுக்கு ஏறக்குறைய 79.7 பேர் நோயுறுவார்கள், 20.3 பேர் தப்புவார்கள். சரிபார்ப்பது எளிது. நோயுற்றவர்களின் பங்கு 0.797, தலைக்கு இரண்டு வீதம் அவர்கள் எறியும் தொற்று, ஊராரில் ஒவ்வொருவர்மீதும் சராசரியாக 1.594 தடவை வந்து மோதுகிறது. இத்தனை மோதல்களிலும் ஒன்றுகூடத் தன்மேல் படாமல் ஒருவர் தப்புவதற்கான வாய்ப்பை அறிய, ஒன்றை ஈயால் 1.594 தடவை வகுத்தால், வருவது சரியாக 0.203. நோயுற்றவர் தொகை தப்பியவர் தொகையை நிர்ணயிக்கிறது. தப்பியவர் தொகையோ நோயுற்றவர் தொகையை நிர்ணயிக்கிறது. விடை தன்னைத்தானே கேட்டுக்கொண்டு, அதுவும் அடுக்கின் வழியாகக் கேட்டுக்கொண்டு, நிற்கிறது. தெரியவேண்டிய அளவு ஒரே சமயத்தில் தரையிலும் அடுக்கின் உச்சியிலும் இருக்கும் இத்தகைய முடிச்சுகளை அவிழ்ப்பதுதான் லாம்பெர்ட் சார்பின் தொழில்.

நோயையும் மருத்துவத்தையும் மறந்துவிட்டு, ஹங்கேரியக் கணிதர்களான எர்டோஷும் ரெனியும் 1960-ஐ ஒட்டிய ஆண்டுகளில் முற்றிலும் வேறான ஒரு விஷயத்தை ஆராய்ந்தார்கள். ஏராளமான புள்ளிகளை வைத்து, அவற்றை இரண்டிரண்டாகக் குருட்டாம்போக்கில் கோடுகளால் இணைத்துக்கொண்டே போனால், தொடர்புடைய மிகப் பெரிய கூட்டம் எவ்வளவு பெரிதாக இருக்கும் என்பது அவர்களுடைய கேள்வி. ஒரு புள்ளிக்குச் சராசரி இரண்டு கோடுகள் என்று வைத்துக்கொண்டால், அந்தக் கூட்டத்தில் சேரும் புள்ளிகள் நூற்றுக்கு 79.7. கெர்மாக்கும் மக்கெண்ட்ரிக்கும் அடைந்த இடமும் இதுவும் தசம ஸ்தானம் பிசகாமல் ஒன்றே. இப்படியொரு பொருத்தத்தைத் தற்செயல் என்று தள்ளிவிட முடியாது. நோய் ஒருவரிடமிருந்து ஒருவருக்குத் தாவுவதும் புள்ளியிலிருந்து புள்ளிக்குக் கோட்டின் வழியே நடப்பதும் அடிப்படையில் ஒரே செயல் என்பதை அந்த எண்ணே நமக்குக் காட்டிக்கொடுக்கிறது.

மூன்றாவது சந்திப்பு கொல்லன் உலையில். காய்ச்சிய இரும்பு முதலில் மங்கிய சிவப்பாகவும், பிறகு மஞ்சளாகவும், மேலும் காய்ச்சினால் வெண்மையாகவும் ஒளிர்வதை யாவரும் கண்டிருக்கிறோம். வெப்பநிலை ஏற ஏற, மிகுதியாக வெளிப்படும் ஒளியின் அலைநீளம் அதே விகிதத்தில் குறைந்துவருகிறது என்ற விதியை வீன் 1893-இல் கண்டார். 1900-இல் பிளாங்க் தம்முடைய கதிர்வீச்சு விதியைத் தந்தபின் வீனின் விதியிலுள்ள மாறிலியைக் கணக்கிட்டே பெற முடிந்தது. அந்தக் கணக்கின் நடுவில் 4.965 என்ற ஓர் எண் வருகிறது. சூரியனுடைய மேற்பரப்பின் வெப்பநிலை ஏறக்குறைய 5772 கெல்வின் என்றால் அதன் ஒளியின் உச்சம் ஒரு மில்லிமீட்டரின் பதினாயிரத்தில் ஐந்து பங்கு அளவான அலைநீளத்தில் இருக்கும் என்று சொல்ல உதவுவது இந்த எண்ணே. ஐந்துக்கு அருகில் வந்தும் ஐந்தாகாமல் நிற்கும் இது எங்கிருந்து வந்தது? இதை அறிய, நம்முடைய செக்கில் குறை எண்களையும் போட்டுப் பார்க்கவேண்டும். குறை 5-ஐப் போட்டால் குறை 0.0337 வருகிறது. ஆனால் குறை 0.0349-ஐப் போட்டாலும் அதே குறை 0.0337 வருகிறது! போடும் எண் பூஜ்யத்திலிருந்து குறை 1 வரையில் கீழே இறங்க இறங்க விளைவும் இறங்கி, குறை 0.3679 என்ற அடித்தளத்தைத் தொட்டு, அதன்பின் மறுபடியும் பூஜ்யத்தை நோக்கி ஏறுவதனால், இடைப்பட்ட ஒவ்வோர் எண்ணெய் அளவுக்கும் எள்ளின் அளவு இரண்டாக இருக்கிறது. ஆகவே லாம்பெர்ட் சார்புக்கு அந்தப் பகுதியில் இரண்டு கிளைகள். வீனின் கணக்கில், வந்த விடையோடு 5-ஐக் கூட்டவேண்டும். ஒரு கிளையின் விடையாகிய குறை 5-ஐ எடுத்தால் கூட்டுத்தொகை பூஜ்யமாகி ஒன்றுக்கும் உதவாது. மற்றக் கிளையின் குறை 0.0349-ஐ எடுத்தால் 4.965 கிடைக்கிறது. வீனின் எண் இத்தனை காலமாக எல்லாப் பௌதிகப் புத்தகங்களிலும், பிறப்பிடம் குறிப்பிடப்படாமல், தோராயமாகக் கணித்த ஓர் எண்ணாகவே அச்சாகி வந்தது. அது லாம்பெர்ட் சார்பின் ஒரு மதிப்பு என்று தெரிந்ததும் அதற்குக் குலமும் கோத்திரமும் ஏற்பட்டுவிட்டன.

இன்னும் எத்தனையோ உண்டு. என்சைம்கள் உணவுப் பொருளைச் சிதைக்கும்போது காலப்போக்கில் எஞ்சுவது எவ்வளவு என்ற கணக்கிலும், தடையோடு இணைந்த டயோடு வழியாக ஓடும் மின்னோட்டத்திலும், ஆகவே சூரிய மின்கலங்களின் ஆராய்ச்சியிலும், பெயரிட்ட புள்ளிகளை மரவடிவில் இணைக்கும் வழிகளை எண்ணுவதிலும் இதே சார்பு குறுக்கிடுகிறது.

இவ்வளவுக்குப் பிறகும் நூலோர் இதை நெடுங்காலம் கவனிக்கவில்லை. அமெரிக்க அரசாங்கத்தின் தர நிர்ணயப் பணியகம் 1964-இல் வெளியிட்ட கணிதச் சார்புகளின் கைநூல், சார்புகளுக்கு ஒரு வேதம் போன்றது. ஆயிரத்துக்கு மேற்பட்ட பக்கங்கள். தொகுப்பைத் தொடங்கிய மில்டன் ஏப்ரமோவிட்ஸ் 1958-இலேயே காலமாகிவிட, ஐரீன் ஸ்டெகன் அம்மையார் அதை முடித்துவைத்தார். பெஸல், லெஜாண்டர், காமா என்று பெயர்பெற்ற சார்புகள் வரிசையாகக் கொலுவீற்றிருக்கும் அந்த நூலில் நம்முடைய சார்புக்கு ஒரு பிரிவு கிடைக்கவில்லை. இத்தனைக்கும் அதற்கு ஐந்தாண்டுகளுக்கு முன்பே, எண் கோட்பாட்டைப் பற்றி ஹார்டியோடு சேர்ந்து எழுதிய நூலால் அறியப்பட்ட ரைட் என்பவர், இந்தச் சமன்பாட்டைச் சிக்கலெண்களின் உலகில் முழுமையாக ஆராய்ந்து எழுதியிருந்தார். விஷயம் இருந்தது, ஆராய்ச்சி இருந்தது, தேவையும் இருந்தது. தேடுபவர் எந்த எழுத்தின்கீழ்ப் புரட்டிப் பார்ப்பது என்பதுதான் இல்லை.

கடைசியில் பெயர் வந்தது ஒரு கணினியின் வழியாக. கனடாவில் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தில் 1980-இல் தொடங்கப்பட்ட மேப்பிள் என்ற கணினி நிரல், எண்களை மட்டுமன்றிக் குறியீடுகளையும் கையாண்டு சமன்பாடுகளைத் தீர்க்கவல்லது. மனிதர் ‘தோராயமாக இவ்வளவு’ என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளும் இடத்தில் யந்திரத்துக்கு அந்த வசதி இல்லை; விடையை எழுத அதற்கு ஒரு சின்னம் வேண்டும். அதற்காக டபிள்யூ என்ற எழுத்து அந்த நிரலில் புகுந்தது. 1996-இல் கார்லெஸ், கானெட், ஹேர், ஜெஃப்ரி, டொனால்டு நூத் ஆகிய ஐவரும் சேர்ந்து, சிதறிக்கிடந்த செய்திகளையெல்லாம் ஒரே கட்டுரையில் திரட்டினார்கள். ஆய்லரின் பெயரை ஏன் வைக்கவில்லை என்பதற்கு அவர்கள் கூறிய சமாதானம் சுவையானது: ஆய்லரே லாம்பெர்ட்டைத்தான் மூலமாகச் சுட்டினார்; அதோடு, ஆய்லரின் பெயரால் இன்னுமொன்று வந்தால் உபயோகமிராது. 2010-இல் அதே பணியகத்தின் வாரிசான நிறுவனம் கைநூலைப் புதுக்கி வெளியிட்டபோது லாம்பெர்ட் சார்புக்கு 4.13 என்ற எண்ணுள்ள பிரிவு கிடைத்தது. அதுவும் எங்கே என்றால், மடக்கையும் சைனும் கொசைனும் வாசம்செய்யும் அடிப்படைச் சார்புகளின் அத்தியாயத்தில். ஏணியில் அகப்படாத சார்பை ஏணியின் படிகளோடு சேர்த்துவைத்தது இலக்கணப்படி குற்றமாகலாம்; வாசகர் தேடும் இடம் அதுவாகையால், தொகுத்தவர்கள் செய்தது சரி என்றே நான் கருதுகிறேன்.

இதற்கு நேர் எதிரான ஒரு திருஷ்டாந்தமும் உண்டு. ஹேவர்சைன் என்ற சார்பு அசலே அல்ல. ஒன்றிலிருந்து கொசைனைக் கழித்துப் பாதியாக்கினால் அது வந்துவிடுகிறது. பாதியாக்காத உருவத்தை நம் நாட்டு வானசாஸ்திரிகள் உத்கிரம ஜ்யா என்ற பெயரில் அறிந்திருந்தார்கள். சூரிய சித்தாந்தத்தில் அதன் மதிப்புகள் கூறப்பட்டுள்ளன. இவ்வளவு சுலபமாகக் கிடைப்பதற்குத் தனிப் பெயரும் தனி அட்டவணையும் எதற்கு என்றால், சிறிய கோணங்களில்தான் அதன் அருமை தெரியும். கோணம் ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்காக இருந்தால் கொசைன் 0.99999996, ஏழு தசம ஸ்தானங்கள் உள்ள அட்டவணையில் அது வெறும் 1 என்றே அச்சாகியிருக்கும், ஒன்றிலிருந்து அதைக் கழித்தால் பூஜ்யம். கப்பல் மாலுமி கணக்கிட விரும்பிய தூரம் முழுவதும் அந்தக் கழித்தலில் காணாமற்போய்விடுகிறது. அதனால் ஹேவர்சைனை நேராகவே அட்டவணைப்படுத்தி வைத்துக்கொண்டார்கள். 1835-இல் அந்தப் பெயரை வழங்கியவர் ஆங்கிலேயரான ஜேம்ஸ் இன்மன். அட்டவணைகளின் காலம் மலையேறியபின் அதன் செல்வாக்கும் குன்றியது. என்றாலும், பழைய கப்பல் கணக்குகளைப் படிக்கிறவனுக்கு அது வேண்டும். உலகப் படத்தில் இரண்டு ஊர்களுக்கு இடையே உள்ள தூரத்தைக் கணினியில் அளப்பவர்கள் இன்றும் அந்தச் சூத்திரத்தைத்தான் பெரும்பாலும் எழுதுகிறார்கள். கலைக்களஞ்சியத்தில் ஒருமுறை இடம்பெற்றதைப் பழசாகிவிட்டது என்று வெளியேற்றுவதை நான் ஆதரிக்கமாட்டேன்.

பலர் வந்து கூடுவதே யோக்கியதை என்று மேலே கூறினேன். அப்படியானால் கெப்ளரின் சமன்பாடு என்ன ஆவது என்று கேட்கலாம். ஒரு கிரகம் குறித்த நாளில் தன் பாதையில் எங்கே இருக்கும் என்று கண்டுபிடிக்க 1609-இல் கெப்ளர் எழுதிய அந்தச் சமன்பாட்டை நானூறு ஆண்டுகளாக வானசாஸ்திரிகள் இடைவிடாமல் தலைகீழாக்கி வருகிறார்கள்; அதன் நேர்மாறும் பழகிய சார்புகளுக்குள் அடங்காதது; அப்படியிருந்தும் அந்த நேர்மாறுக்கென்று எல்லோரும் ஒப்பிய ஒரு தனிப் பெயர் நிலைக்கவில்லை. காரணம் இதுவாக இருக்கலாம்: கெப்ளரின் கேள்வியைக் கேட்பவர் அனைவரும் ஒரே வாசல் வழியாக வருகிறவர்கள். சமன்பாட்டின் பெயரே அவர்களுக்கு அடையாளமாகப் போதுமானது. லாம்பெர்ட் சார்பைத் தேடிவருபவரோ மருத்துவர், மின்பொறியாளர், வேதியியலார், புள்ளிகளை எண்ணுகிறவர். இவர்களுக்குப் பொதுவாக இருக்கக்கூடியது சார்பின் பெயர் ஒன்றுதான்.

பிரயோஜனம் கண்ணுக்குப் புலப்படும்வரையில் காத்திருக்கவேண்டும் என்ற வாதத்துக்கு நான் இணங்கேன். 1920 ஜனவரியில், சென்னையில் நோய்ப்படுக்கையிலிருந்து, ஸ்ரீநிவாச ராமாநுஜன் ஹார்டிக்கு எழுதிய கடைசிக் கடிதத்தில் போலித் தீட்டாச் சார்புகள் என்று பதினேழு உதாரணங்களைக் கொடுத்தார். அவை எந்த இனத்தைச் சேர்ந்தவை என்பதற்குத் திருப்தியான விளக்கம் 2002-இல் ஸ்வேகர்ஸ் என்ற இளைஞர் எழுதிய ஆராய்ச்சியில்தான் கிடைத்தது. இடைப்பட்ட எண்பத்திரண்டு ஆண்டுகளும், வரையறை சரியாகத் தெரியாத, உபயோகம் இன்னதென்று தெரியாத சார்புகளாகவே அவை நூல்களில் இடம்பெற்றிருந்தன. அவற்றுக்கு இடம் தந்தவர்கள் ராமாநுஜனுடைய பெயரை நம்பித் தந்தார்கள் என்று சொன்னாலும் தவறில்லை. வாட்சன் முதலான கணிதர்கள் அந்த உதாரணங்களை ஒவ்வொன்றாகச் சோதித்து, அவற்றுக்குள் ஒழுங்கு இருப்பதைக் கண்டதனால் தந்தார்கள் என்று சொல்வதே அதிகப் பொருத்தம்.

எனவே லாம்பெர்ட் சார்புக்குக் கட்டுரை உண்டு என்பது என் தீர்ப்பு, ஆனால் அளவோடு. அரைப் பக்கம் போதும். அதில் செக்கும் நேர்மாறும் இரண்டு வரியில். இரண்டு கிளைகளையும் காட்டுகிற ஒரு வளைவுப் படம், குறை 0.3679 என்ற இடம் தெளிவாகத் தெரியும்படி. லாம்பெர்ட், ஆய்லர், ரைட், மேப்பிள் என்ற நான்கு நிலைகளும் ஆண்டுகளோடு. தொற்றுநோயின் கணக்கு முழுவதுமாக, மற்றப் பயன்கள் பெயரளவில். படத்தை எக்காரணத்தாலும் விட்டுவிடக் கூடாது. கிளைகள் இரண்டு என்பதைச் சொற்களால் விளக்கப் பத்து வரியாவது ஆகும். ‘ல’ வரிசையில் அதை வைத்துவிட்டு, ‘கொள்ளைநோய்’, ‘கதிர்வீச்சு’, ‘டயோடு’, ‘மடக்கை’ ஆகிய நான்கு கட்டுரைகளின் ஈற்றிலும் ‘லாம்பெர்ட் சார்பு பார்க்க’ என்று ஒவ்வொரு வரி சேர்க்கவேண்டும். லாம்பெர்ட் யார் என்றே கேள்விப்படாதவர்கள் வந்து நுழையப்போவது அந்த நான்கு வரிகளின் வழியாகத்தான்.